ஆணா, பெண்ணா என்று கேட்பவள்

என் கணவரின் தங்கை வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஐஸ்பெட்டியை இறக்கி வைப்பாள். மீன்காரர்கள் வைத்திருக்கும் அதே வெள்ளை ரெஜிபோம் பெட்டிதான். கண்டியிலிருந்து ஹட்டன் வரை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஹட்டனில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, டிக்கோயாவைத் தாண்டி எங்கள் தோட்டத்துச் சந்தியில் இறங்கி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் வரைக்கும் ஏறி வருவாள். பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, "ஏதாச்சும் விழுந்துச்சா அண்ணி?" என்பாள். எனக்குச் சுகமா, அவள் அம்மாவுக்குச் சுகமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

விழுந்துச்சா என்றால், கம்பியில் ஏதாவது மாட்டிச் செத்ததா என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்காரர் பகலில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மற்ற நேரத்தில் லயத்துக்குக் கீழே உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டிருந்தார். காட்டுப் பன்றிக்கென்று தோட்டத்தைச் சுற்றிக் கம்பிச் சுருக்கு வைத்திருந்தார். பன்றி அதில் விழுந்ததைவிட வெலிமுவா விழுந்ததுதான் அதிகம். புத்தகத்தில் கேளையாடு என்று போட்டிருக்கும். நாய் குரைப்பதுபோலக் கத்தும் சிறிய மான். எங்கள் பக்கத்தில் சிங்களப் பெயரைத்தான் சொல்வோம்.

நான் கல்யாணமாகி உடப்புசல்லாவையிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறி அடுப்பில் இருந்தது. அவள் அப்போதுதான் உள்ளே வந்தாள். சட்டியைப் பார்த்தாள்.

"ஆணா, பொண்ணா?"

"திங்கப் போற கறிக்கு என்னடி ஆணும் பொண்ணும்?" என்றார் மாமி, அவள் அம்மா.

"எத்தனை மணிக்கு செத்துச்சுண்ணே?"

"யாருக்குத் தெரியும். காலையில போய்ப் பாத்தேன், வெறச்சிக் கெடந்துச்சு," என்றார் என் கணவர்.

"அப்ப வளராது," என்றாள். எது வளராது என்று எனக்கு விளங்கவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டு வந்து, சோற்றில் பருப்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டாள். மற்றவர்கள் சாப்பிட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து கை கழுவும்போது, "கம்பிய எடுத்துருங்கண்ணே," என்றாள். கதவைச் சாத்துங்கள் என்பதுபோலச் சொன்னாள்.

"எடுத்துட்டா கெழங்க பன்னி தோண்டிரும். நீ வந்து காவல் இருப்பியா?"

அவள் அடுத்த முறை வந்தபோதும் அதையே சொன்னாள். அவரும் அதையே சொன்னார். நான் அந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் அண்ணனும் தங்கையும் இதைத் தவிர வேறு எதற்கும் வாக்குவாதம் செய்து நான் பார்த்ததில்லை.

அவள் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். செத்த மிருகத்திலிருந்து துண்டு எடுக்க முறையாக அனுமதி வாங்கியிருந்தாள். நாய் கடித்துச் செத்தது, லொறியில் அடிபட்டது, கம்பியில் மாட்டியது, எதுவானாலும் யாராவது போன் பண்ணினால் போவாள். காதுத் தோலில் ஒரு துண்டு, ஆண் என்றால் விதையில் ஒரு துண்டு. சூடு ஆறுவதற்குள் எடுத்தால்தான் அந்தத் துண்டிலுள்ள உயிர்க்கலங்கள் போத்தலுக்குள் உயிரோடிருந்து பெருகும். அவள் வளராது என்று சொன்னது அதைத்தான்.

லயத்தில் இதை ஒருவரும் ரசிக்கவில்லை. "ஒங்க நாத்தனா சாவு விழுந்த வீட்டுக்கு வர்ற மாதிரியே வர்றா," என்று பக்கத்துக் காம்பராப் பெண் என்னிடம் சொன்னாள். எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. அவள் அப்பா இறந்தபோது அவள் கண்டியிலிருந்து வந்து சேர்ந்து, "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாளாம். பிறகு பின்பக்கம் போய், வந்தவர்கள் தேத்தண்ணி குடித்த கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாளாம். மாமி அதைப் பல தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோபப்பட்டு.

ஆனால் என்னிடம் அவள் பேசுவாள். மலைத் தண்ணீர் விழும் பீலியில் துணி துவைக்கும்போதுதான் அதிகம். நான் பத்தாம் வகுப்பு வரை விஞ்ஞானம் படித்தவள். நிறமூர்த்தம் என்ற சொல் தெரியும், இங்கிலீஷில் குரோமோசோம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு வையும் என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான்.

"இந்த மான்ல அப்படி என்னதான் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மனுசருக்கு நாப்பத்தாறு நிறமூர்த்தம் அண்ணி. இதுல பொண்ணுக்கு ஆறு, ஆணுக்கு ஏழு. பாலூட்டிகள்லயே இவ்வளவு கொறைச்சலா வேற எதுக்கும் கெடையாது."

"ஆணுக்கு மட்டும் ஏன் ஒன்னு கூட?"

சட்டைக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். ரொம்பக் காலத்துக்கு முன்னால், மனிதனும் மாடும் எலியும் பிரிவதற்கெல்லாம் முன்னால், எக்ஸும் வையும் மற்ற ஜோடிகளைப்போல ஒரே மாதிரி இருந்தவைதானாம். ஜோடியாக இருக்கிற நிறமூர்த்தங்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். ஒன்றில் பழுது வந்தால் அப்படி மாற்றிக்கொள்வதில் சரியாகிவிடும். அந்த ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் ஆணாக்குகிற பரம்பரையலகு ஒன்று வந்து சேர்ந்தது. அதன் பிறகு இரண்டும் மாற்றிக்கொள்வது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.

"எக்ஸுக்குப் பரவாயில்ல. பொம்பளைக்குள்ள ரெண்டு எக்ஸ் சேர்ந்து இருக்கு, மாத்திக்கும். வைக்கு மாத்திக்க ஆள் இல்ல. இருந்ததெல்லாம் ஒவ்வொன்னா கெட்டு விழுந்துருச்சு. இப்ப ஒரு சின்ன நுனிதான் மிச்சம்."

"மானுக்கு?"

"மானுக்கு எக்ஸ் போய் இன்னொரு சாதாரண நிறமூர்த்தத்தோட ஒட்டிக்கிச்சு. ஒட்டாம நின்ன அதோட ஜோடி இருக்கே, அது இப்ப அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு மட்டும்தான் போகுது. அதைத்தான் ஏழாவதுன்னு எண்ணுறோம். பழைய வைக்கு நடந்தது இதுக்கு இப்பத்தான் ஆரம்பிக்குது. நம்ம மலையில உள்ளதுல அது எந்த அளவுக்கு வந்திருக்குன்னு பாக்கணும். ஆண் வேணும். எனக்குக் கெடைச்சதெல்லாம் பொண்ணு."

"அண்ணன்கிட்ட சொன்னா புடிச்சுத் தருவாரே."

நிமிர்ந்து பார்த்தாள். "புடிக்கச் சொல்ல மாட்டேன் அண்ணி. கம்பிய எடுக்கத்தான் சொல்வேன்," என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் நான் உண்டானேன். எல்லோருக்கும் ஒரே கேள்வி. தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் நான் பார்த்துக்கொண்ட சின்னஞ்சிறுசுகளின் தாய்மார் கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்று என் நடையைப் பார்த்து ஆண் என்பார்கள், வயிறு விழுந்திருப்பதைப் பார்த்துப் பெண் என்பார்கள். மாமிக்கு ஆண் வேண்டும். கோயிலுக்கு நேர்ந்திருந்தார். கேட்காதவள் என் நாத்தனார் ஒருத்திதான். எது கண்ணில் பட்டாலும் முதலில் அதைக் கேட்கிறவள், என் வயிற்றைப் பார்த்துக் கேட்கவே இல்லை. ஒரு தடவை நானே வாயைக் கொடுத்தேன்.

"நீ படிச்சவதானே, பாத்து சொல்லேன்."

"செத்ததுல பாத்தாத்தான் எனக்குத் தெரியும்," என்றாள். சொன்ன பிறகு அவள் முகம் மாறவில்லை. கொண்டுவந்த மாத்திரைகளை எடுத்து வைத்து, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொன்னாள்.

ஐந்தாம் மாதம் முடிகிற நேரம், ஒரு ஞாயிறு காலை, என் கணவரும் இன்னொருவரும் ஒரு வெலிமுவாவைத் தடியில் கட்டித் தூக்கி வந்தார்கள். பெட்டை. இன்னும் சூடு இருந்தது. நாத்தனார் அன்று வீட்டில் இருந்தாள். பின்பக்கம் உரச்சாக்கை விரித்து, கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சுடுதண்ணி கொண்டுபோய் வைத்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவள், "அண்ணி, நீங்க உள்ள போங்க," என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் தெரியாது.

உள்ளே ஒரு குட்டி இருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. மயிர் முளைக்காத தோலுக்குள் எலும்பெல்லாம் தெரிந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆண்," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. போத்தலை எடுத்தாள்.

அந்த நேரத்தில் மாமி பின்கதவில் வந்து நின்றார். சாக்கின்மேல் கிடந்ததையும், வயிற்றோடு நான் நின்றதையும் பார்த்தார். உள்ளே போய் விளக்கேற்றினார்.

சில வாரங்கள் கழித்து நாத்தனார் வந்து போனில் ஒரு படம் காட்டினாள். சாம்பல் நிறத்தில் கறுப்புக் கறுப்பாய் சில துண்டுகள். "ஏழு இருக்கா, எண்ணிப் பாருங்க," என்றாள். இருந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று நினைக்கிறேன். அவளிடம் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ரொட்டி இரண்டு கூடச் சாப்பிட்டாள்.

ஏழாம் மாதத்தில் பிள்ளை அசைவது நின்றது. ஆஸ்பத்திரியில் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, துடிப்பு இல்லை என்றார்கள். ஊசி போட்டார்கள். வலி வந்தது. பிறந்தது. சத்தம் இல்லை. தாதி ஒருத்தி சிங்களத்தில் மெல்ல ஏதோ சொன்னபடி துணியில் சுற்றி எடுத்துப் போனாள். பார்க்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

என்ன பிள்ளை என்று பிறகு கேட்டபோது ஒருவரும் சொல்லவில்லை. "தெரிஞ்சா மனசுல நின்னுரும். விடு," என்றார் மாமி. என்னிடம் சொல்லக் கூடாது என்று என் கணவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று என் போர்வையைச் சரி செய்துகொண்டே இருந்தார். நான் கூரையில் ஓடிய மின்சார வயரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அழுகை வரவில்லை. பால் மட்டும் கட்டியிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் நாத்தனார் வந்தாள். கையில் பெட்டி இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

"பொண்ணு."

மாமி கட்டிலின் அந்தப் பக்கத்தில்தான் இருந்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். முழுசா சொல்லவா?" என்றாள்.

"சொல்லு."

"தலையில முடி இருந்துச்சு. நெத்தி அண்ணன் மாதிரி. கழுத்துப் பக்கம் வீங்கியிருந்துச்சு, கைகால் மேலயும் வீக்கம். வாய் மூடி இருந்துச்சு. தூங்குற மாதிரின்னு சொல்ல மாட்டேன். தூங்குற மாதிரி இல்ல."

எனக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதுவரை என் வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று போயிருந்தது. அவள் சொன்ன பிறகு ஒரு மகள் போயிருந்தாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். "ஏன்னு பாக்கணும்னா பாக்கலாம்னு டொக்டர் சொல்றாரு. நஞ்சுக்கொடியில ஒரு துண்டு போதும். பிள்ளைய வெட்ட வேணாம். நீங்க வேணாம்னா வேணாம் அண்ணி."

அவள் எதிலிருந்தும் துண்டு எடுப்பதற்கு யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. மானிடம் யார் கேட்பார்கள்.

"எடுத்துக்க," என்றேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னப் போத்தலை, எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு உள்ளே வைத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் அண்ணனோடு தோட்டத்து மயானத்துக்குப் போய்ப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அவள் போனாள். வெள்ளைத் துணி வாங்கிச் சுற்றியதும் அவள்தான். குழி வெட்டியது என் கணவர். திரும்பி வந்து லயத்து வாசலில் கால் கழுவும்போது மாமி சொன்னாராம், "வயித்துக்காரி இருக்குற வீட்டுல வயித்து மானை அறுத்தா வேற என்ன நடக்கும்? இனிமே இந்த வாசலை மிதிக்காத."

"சரிம்மா," என்றாளாம். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாளாம். இதை என் கணவர்தான் எனக்குச் சொன்னார்.

நான் திரும்பவும் பிள்ளைக்காம்பராவுக்கு வேலைக்குப் போனேன். மற்றவர்களுடைய பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டினேன், மூக்குத் துடைத்தேன், பால் கரைத்தேன். தாய்மார் என் கையில் பிள்ளையைத் தரும்போது கண்ணைப் பார்க்காமல் தந்தார்கள். நான் மாமியோடு பேசினேன், சமைத்தேன். அந்த மானைப் பற்றி நினைத்தேன். மாமி சொன்னதை நம்பினேன் என்று சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது.

பரிசோதனைப் பெறுபேறு வந்ததும் நாத்தனார் ஹட்டனுக்கு வரச் சொன்னாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். புது பிளாஸ்க் ஒன்று வாங்கி வந்திருந்தாள். அதை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்கினாள்.

"பொண்ணுக்கு ரெண்டு எக்ஸ் இருக்கணும். இவளுக்கு ஒன்னுதான் இருந்துச்சு. கரு தரிக்கும்போதே இன்னொன்னு விட்டுப்போயிருக்கு."

"என்னாலயா? அவராலயா?"

"யாராலயும் இல்ல. பிரியும்போது தவறிப்போகும். இது குடும்பத்துல வர்றது இல்ல. அடுத்த பிள்ளைக்கும் வரும்னு இல்ல."

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. நான் யோசித்துப் பார்த்துக் கேட்டேன். "ஆம்பளைங்களுக்கு ஒரு எக்ஸ்தானே? அவங்க இருக்காங்களே?"

"அவங்களுக்கு வை இருக்கு. அவ்வளவையும் தொலைச்சும் வை கொஞ்சத்தை மட்டும் விடாம வச்சிருக்கு. அந்தக் கொஞ்சம் எக்ஸ்லயும் இருக்கு. அது ரெண்டு பங்கு இல்லேன்னா வயித்துக்குள்ள தாங்குறது கஷ்டம். தாங்கிப் பொறந்து நல்லா வாழ்ற பொண்ணுங்களும் இருக்காங்க. இவ தாங்கல."

"அப்ப அந்த மான்?"

"மானுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல அண்ணி. அந்த மானை நான் தொடும்போது இது எப்பவோ முடிஞ்ச விசயம்."

"மாமிக்கிட்ட சொல்லவா?"

"உங்களுக்குச் சொல்லணும்னா சொல்லுங்க. எனக்காகச் சொல்ல வேணாம்."

அன்று பின்னேரமே சொன்னேன். எக்ஸ், வை என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். மாமி அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டார். "படிச்சவ தனக்குத் தோதாத்தான் சொல்லுவா," என்றார். என் கணவர் அடுத்த நாள் வேலைக்குப் போகும் முன்பு கீழே தோட்டத்துக்கு இறங்கிப் போனார். திரும்பி வரும்போது தோளில் கம்பிகள் சுருட்டிக் கிடந்தன. பழைய இரும்பு வாங்க வந்தவனிடம் அதைப் போட்டார். அந்த வருசம் கிழங்கு முழுவதையும் பன்றி தோண்டித் தின்றது. அவர் திரும்ப வைக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. மாமி கடைசிவரை மகளைக் கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை. அம்மாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பற்றி என்னிடம் மட்டும் விசாரித்துக்கொண்டார்கள், மருந்து சாப்பிடுறாங்களா, மெலிஞ்சிட்டாளா என்று.

எனக்கு இப்போது ஒரு மகன் இருக்கிறான். அத்தையை அவன் போனில்தான் பார்த்திருக்கிறான். அவள் வெளிநாட்டில் இருக்கிறாள், வேறு ஏதோ மிருகத்தின் நிறமூர்த்தங்களைப் பார்க்கிறாள். குளிர் எப்படி என்று கேட்பேன். நம்ம ஊர் மாதிரித்தான் என்பாள்.

வெளிநாடு போவதற்கு முன்னால் ஹட்டன் ரயில் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். அண்ணனை முதல் நாளே தொழிற்சாலை வாசலில் பார்த்துப் பேசியிருந்தாள். மேடையில் பனி இறங்கியிருந்தது. கண்டிப் பக்கம் போகிற ரயில் தாமதம் என்று சிங்களத்தில் அறிவித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து நான் கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டாள். அம்மாவைப் பார்க்காமல் போவது வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"தெரியல," என்றாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு உங்க பிள்ளைய துணியில சுத்தும்போது என் கை நடுங்கல அண்ணி. நடுங்கும்னு நெனைச்சேன். மானுக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்துச்சு. அண்ணன் குழிக்குள்ள நின்னு அழுதுச்சு. நான் முடிச்சு சரியா விழுந்திருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு அது இன்னும் பயமா இருக்கு."

ரயில் சத்தம் கேட்டது. அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். எனக்கும் இதுவரை அழுகை வரவில்லை என்று நான் சொன்னேன். எஞ்சின் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்ததால் அது அவளுக்குக் கேட்டதோ என்னவோ. பெட்டியில் ஏறினாள். மேடைப் பக்கம் இடம் இருந்தும், எதிர்ப்பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்தாள். ரயில் கிளம்பும் வரைக்கும் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.